நைனாவின் பாதிக் கண்

எழுபதுகளின் தொடக்கத்தில், புதுவாயல் அரிசி மில்லில் மூட்டை அடுக்கின் மேலிருந்து என் அப்பா, நைனா, தலைகுப்புற விழுந்தார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டில் சேர்த்தோம். அந்த வார்டு அப்போது ஆஸ்பத்திரிக்கே புதுசு. தொண்டையில் குழாய் விட்டு, மெஷின்தான் அவருக்கு மூச்சு விட்டது. நினைவு இல்லை. ஆனால் கண்கள் பாதி திறந்தே இருந்தன.

அந்தப் பாதிக் கண்தான் அம்மாவுக்குத் தெம்பு. "பார்றா, நம்மளத்தான் பாத்துக்கினு கீறாரு" என்பாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது காலேஜில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். அதனால் நர்ஸம்மா என்னைத்தான் தனியே கூப்பிட்டார்.

"இமை மூடலைன்னா கருவிழி காஞ்சி புண்ணாயிடும், தம்பி. களிம்பு போட்டு, இமையை மூடி பிளாஸ்திரி ஒட்டியிருக்கோம். யாரும் எடுக்கக் கூடாது. அம்மாகிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். கண் சிமிட்டுவது எதற்கு, கண்ணீர் எதற்கு என்று பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல எல்லாம் சொன்னேன்.

"இன்னாடா பேசற? எங்கப்பன் செத்தப்ப நான்தான் கண்ண மூடி உட்டேன், இந்தக் கையால. உசுரோட கீறவருக்கு எவனாச்சும் மூடுவானா?"

"இது வைத்தியம்மா."

"அந்தப் படிப்ப நீயே வச்சிக்க."

உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். அம்மா போனால் நான் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பேன். நர்ஸம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், முகம் துடைப்பதுபோல அம்மா குனிவாள். நிமிரும்போது பிளாஸ்திரி அவள் உள்ளங்கையில் சுருண்டிருக்கும். நான் கண்ணாடியைத் தட்டுவேன். அவள் திரும்பவே மாட்டாள்.

நர்ஸம்மா திட்டிக்கொண்டே மறுபடி ஒட்டுவார். அடுத்த முறையும் அதேதான். கடைசியில், "இனிமே நீ மட்டும் வா" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டு கருவிழியிலும் பால் படிந்ததுபோல வெள்ளை.

நைனா பிழைத்துக்கொண்டார். குழாயை எடுத்தபின் அம்மாவை உள்ளே விட்டார்கள். அவள் குனிந்து, தன் முகத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நான்தாயா. தெரியிதா?"

நைனா அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். "இன்னா இவ்ளோ பொகை? அடுப்பு மூட்டிக்கினு கீறியா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமாயா, ஈர வெறகு" என்றாள். முந்தானையை எடுத்து அவர் முகத்துக்கு மேலே விசிறத் தொடங்கினாள்.