பக்கத்து மண்டலத்துச் சிவப்புப் புள்ளிகள்

பனியன் கம்பெனியில் துணி செக்கிங் செய்பவனுக்கு நல்ல துணி என்று ஒன்று கிடையாது. விளக்கு எரியும் கண்ணாடிமேல் துணி ஓட ஓட, ஓட்டையைத் தேடுவதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தியை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வீட்டுக்குள் போக எனக்கு இன்றுவரை வரவில்லை.

என் மனைவி பல்லடம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே பிஎச்.டி. செய்கிறாள். நம் பால்வெளிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலத்தில், வயதாகிச் சிவந்துபோன பெரிய விண்மீன்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது ஆராய்ச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் படத்தை அச்செடுத்து என்முன் விரித்தாள். மறுநாள் கைடிடம் கொடுக்க வேண்டும். மூன்று வருட உழைப்பு.

சிவப்புப் புள்ளிகள் படம் முழுக்க ஒரே சீராக இறைந்து கிடந்தன. எனக்குச் சுருக்கென்றது.

“பெரிய நட்சத்திரம் பொறந்த எடத்த உட்டு ரொம்பத் தூரம் போறதுக்குள்ள செத்துப்போயிரும்னு நீதானே சொன்ன? அப்ப அங்கங்க கும்பலாத்தானே இருக்கோணும் புள்ள?”

“நம்ம பக்கத்துச் சின்ன நட்சத்திரமும் குறுக்க வந்து அதே செவப்பாத் தெரியுமுங்க. அதெல்லாம் கழிச்சாச்சுங்க.”

“ஆரு கழிச்சது?”

“எங்க சீனியருங்க. கழிச்சு லிஸ்டாக் குடுத்தாங்க.”

இன்னொருவர் பார்த்து அனுப்பிய துணி ரோலை நான் ஒருநாளும் அப்படியே பாஸ் செய்ததில்லை. அந்த லிஸ்ட்டை நம்பவில்லை என்று நேராகவே சொன்னேன்.

“உங்களுக்கு நானும் ஒரு ரோலுங்களா?” என்று எழுந்து போனாள்.

கோபத்தோடுதான் லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொரு புள்ளியும் பழைய படங்களில் எங்கே இருந்தது என்று ஒப்பிட்டாள். கிட்டத்து விண்மீன் வருடத்துக்கு வருடம் துளியாவது இடம் மாறும். அவ்வளவு தூரத்தில் இருப்பது மாறியதே தெரியாது. மாலைக்குள் பாதிப் புள்ளிகள் நகர்ந்தவை, கழியாமல் தங்கிவிட்ட கிட்டத்து விண்மீன்கள் என்று தெரிந்துவிட்டது. கைடுக்கு அவளே எழுதினாள். எல்லாம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அவள் அழுதபோதும் எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் புதுப் படம் வந்தது. புள்ளிகள் மண்டலத்தின் சுருள் கைகளை ஒட்டித் திட்டுத்திட்டாகச் சேர்ந்திருந்தன. என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உண்மையிலேயே அழகாக இருந்தது.

“நல்லாருக்குது புள்ள” என்றேன்.

அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்து மூலை மூலையாகப் பார்த்தாள்.

“எதையோ கண்டுட்டீங்க. மறைக்காமச் சொல்லுங்க” என்றாள்.