குதிரை போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அது சாவுச் செய்தி என்று அப்போது எனக்குத் தெரியாது. கூப்பிட்டவனுக்கும் தெரியாது. முப்பத்தொன்றாம் எண் வீட்டின் சொந்தக்காரன் ப்ரென்ட் கால்டர் புகார் சொல்லத்தான் கூப்பிட்டான்.

"மார்ஜி, உங்க ஆளுங்களோட குதிரை ஒண்ணு என் பின்பக்க கேட்டை உதைச்சுக்கிட்டு நிக்குது. வாடகைக்கு வந்தவங்க தூங்க முடியலன்னு எனக்கு போன் போடறாங்க. கொஞ்சம் வந்து பிடிச்சிட்டுப் போறீங்களா?"

"என்ன நிறம்?"

"செம்பட்டை. கேமராவுல பார்த்துட்டுதான் பேசறேன். சேணம் இருக்கு. மேல ஆள் இல்ல."

அவன் அப்போது நகரத்தில், தன் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். ஆள் இல்லாத சேணத்தைப் பார்த்தவன், விழுந்தது யார் என்று கேட்கவில்லை. தூங்குகிறவர்களைப் பற்றிப் பேசினான்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது டார்லீனின் குதிரை பட்டன், பூட்டிய கேட்டின்மேல் நெஞ்சை முட்டிக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் நுரை. கடிவாள வார் ஒன்று அறுந்து தொங்கியது. பாலத்தின் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கால்வாய்ப் பாலத்தை ஒட்டி, தார்ச்சாலை ஓரத்தில் என் சிநேகிதி டார்லீன் கிடந்தாள். பின்னால் வந்த ஜல்லி லாரி ஹாரன் அடித்திருக்கிறது. குதிரை மிரண்டு எகிறியிருக்கிறது. தலை தரையில் மோதி, நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லாரிக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரி போட்டார்கள். "குதிரை ஆர்வலரும் வீட்டுமனைத் தரகருமான டார்லீன் ஹஸ்கின்ஸ், 64, சாலை விபத்தில் காலமானார்." சாலை விபத்தாம். போன நவம்பர்வரை, இருபத்தைந்து வருடம் அவள் குதிரையில் அந்தச் சாலைப் பக்கமே போனதில்லை. ஏன் அன்று அங்கே இருந்தாள் என்று எழுத ஐந்தாவது வரிக்கு இடமில்லை போலிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸ் நகரம் முடிகிற இடத்தில் எங்கள் மெஸ்கீட் லேன். முப்பத்தொரு வீடுகள், வீட்டுக்கு இரண்டு ஏக்கர். எல்லாருடைய மனைக்கும் பின்னால், அவரவர் நிலத்திலேயே, பன்னிரண்டு அடி அகலத்துக்கு மண்பாதை விட்டிருக்கிறோம். ஒன்றாம் எண்ணில் குதிரை ஏறினால் ஒவ்வொரு கேட்டாகத் திறந்து மூடிக்கொண்டு முப்பத்தொன்றைத் தாண்டிக் கால்வாய்க் கரைக்குப் போய்விடலாம். ஒரு கார் குறுக்கே வராது. இது சட்டமில்லை, பழக்கம். முதலில் வீடு கட்டினவர்கள் கைகுலுக்கிப் பேசிக்கொண்டது.

பழக்கத்தை நம்பினால் ஆகாது என்று முதலில் சொன்னவளே டார்லீன்தான். சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், விவாகரத்துக்குப் பிறகு முப்பத்தெட்டாம் வயதில் தரகர் பரீட்சை எழுதினாள். ஒன்பதாம் எண்ணில் குடியிருந்துகொண்டு ஏக்கர் வீடுகளை மட்டுமே விற்றாள். வாங்க வருகிறவர்களை அவள் வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனதே கிடையாது. நேராகப் பின்பக்கம், குதிரை லத்திக் குவியலின் பக்கத்தில், ஆகஸ்ட் மாத வெயிலில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

ஒருமுறை ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தக் குவியலப் பக்கத்து வீட்டுக்காரங்க வேற எங்கயாவது மாத்துவாங்களா?" என்று கேட்டாள்.

"மாத்துவாங்களே. நாளைக்கு இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம். ஆனா குவியல் இருக்கும்மா. உள்ள கிரானைட் மேடையெல்லாம் பிரமாதம். இந்த நாத்தம் புடிக்கலன்னா அதைப் பாக்கவே வேணாம், கண்ணு கெட்டுடும்."

அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இப்படிப் பேசினா எப்படிடீ வீடு விக்கும்?" என்றேன்.

"வீடு தானா வித்துடும் மார்ஜி. நான் விக்கறது அக்கம்பக்கத்த. உனக்கு நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேணுமா, இல்ல வக்கீல் நோட்டீஸ் வேணுமா?"

பின்பக்கத்தில் நின்று தாக்குப்பிடித்தவர்களிடம் அவள் ஒரு தாளை நீட்டுவாள். பின்பாதையைப் பூட்ட மாட்டேன், குதிரையில் வருகிறவர்களை மறிக்க மாட்டேன் என்று ஒரு பக்கம். கையெழுத்தானதும் கவுன்ட்டிப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டு வருவாள். பழைய குடிகளிடமும் வீடு வீடாகப் போய் வாங்கினாள். என்னிடமும் வாங்கினாள், என் வீட்டுச் சமையலறையில் என் ஐஸ் டீயைக் குடித்துக்கொண்டே. இருபத்தைந்து வருடத்தில் முப்பது தாள்.

முப்பத்தொன்றாவதுதான் வாங்கவில்லை.

போன வருடம் பிப்ரவரியில் கால்டர் அந்த வீட்டைப் பார்க்க வந்தான். கால்வாயை ஒட்டிய கடைசி மனை. பட்டனைப் பக்கத்து வேலியில் கட்டிவிட்டு டார்லீன் காத்திருந்தாள். நானும் கூட இருந்தேன். அவன் குதிரைக்கு நேர் முன்னால் வரவில்லை. இடது தோள் பக்கமாக மெல்ல வந்து, புறங்கையை நீட்டி மோந்து பார்க்க விட்டு, கழுத்திலிருந்து முன்னங்கால்வரை தடவிக்கொண்டே குனிந்தான். கேட்காமலே பட்டன் குளம்பைத் தூக்கிக் கொடுத்தது. நிமிர்ந்தவன் நெஞ்சில் தலையை வைத்தது. பட்டன் யாரிடமும் அப்படிச் செய்யாது. லாடம் அடிக்கிற எலியாஸையே வருடத்துக்கு இரண்டு தரம் கடிக்கும்.

"எங்க பழகினீங்க தம்பி?" என்றாள் டார்லீன்.

"தாத்தா லாயத்துலங்க. பதினாறு வயசுவரைக்கும் அங்கதான்."

அவன் காரில் ஏறிப் போனதும் நான் கேட்டேன், "தாள் எங்கடீ?"

"குதிரையே கையெழுத்துப் போட்டுடுச்சு. இனிமே தாள் எதுக்கு? இப்படி வந்து நிக்கறவன்கிட்ட தாள நீட்டினா அவமானப்படுத்தற மாதிரி இருக்கும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. குதிரையோடு வாழ்கிறவர்கள் செய்கிற தப்பு அது. மனிதனைத் தெரிந்துகொள்ள மனிதனைப் பார்க்க மாட்டோம், குதிரை அவனிடம் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். குதிரைக்குத் தெரிவது ஒருவனுடைய கை மட்டும்தான். அந்தக் கை நாளைக்குப் பூட்டு வாங்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அக்டோபரில் அவன் லாயத்தை இடித்து நீச்சல் குளம் வெட்டினான். அந்த வீட்டில் அவன் ஒருநாள்கூடக் குடியிருக்கவில்லை. வாரக்கடைசிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டான். நவம்பரில் பின்பாதையின் இரண்டு பக்கமும் பூட்டு விழுந்தது. கடைசி மனை என்பதால் முப்பது வீட்டுக்கும் கால்வாய்க் கரை போயிற்று. இனி கரைக்குப் போக வேண்டுமென்றால் தார்ச்சாலையில் அரை மைல் போய்ப் பாலத்தடியில் இறங்க வேண்டும்.

டார்லீன் அவனைப் போய்ப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினான்.

"குளத்துல குளிக்கறவங்களுக்குப் பின்னால ஆளுங்க போயிட்டு வந்துட்டிருந்தா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க. எழுத்துல எதுவும் இல்லையேம்மா."

கவுன்ட்டி அலுவலகத்துக்கு மூன்று தரம் போனாள். மூன்று தரமும் ஒரே கேள்வி, "இந்த மனைக்குத் தாள் இருக்கா?" முப்பது தாளைத் தானே கொண்டுபோய்ப் பதிந்த அதே ஜன்னலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாடகைக்காக அவன் இணையத்தில் போட்டிருந்த விளம்பரத்தில் ஒரு படம் இருக்கிறது. பின்வேலி, காலை வெயில், வைக்கோல் தொப்பியோடு ஒரு பெண் செம்பட்டைக் குதிரையில் போகிறாள். "ஜன்னலைத் திறந்தால் குதிரைகள் கடந்து போகும் அமைதியான இடம்" என்று கீழே எழுதியிருக்கிறது. பூட்டு போடுவதற்கு முன் எடுத்த படம். அந்த முதுகு டார்லீனுடையது. அதை அவளிடம் காட்டியபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்திருக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அன்றிலிருந்து கரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. "நாம போகாம விட்டா, அது பாதையே இல்லன்னு ஆயிடும்" என்பாள். வாரம் இரண்டு நாள் விடிந்ததும் சாலை வழியாகப் போய்க் கரையில் இறங்கி, பூட்டிய கேட்டுக்கு வெளியே பட்டனை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பி வருவாள். அதனால்தான் அன்று அந்தக் கேட்டைத் தேடிக்கொண்டு பட்டன் ஓடியிருக்கிறது.

அடக்கத்துக்குக் கால்டர் வந்தான். பளபளவென்று பூட்ஸ். என்னிடம் வந்து, "நல்ல மனுஷி. எனக்கு வீடு வாங்கிக் குடுத்ததே அவங்கதான். அந்த வண்டிங்க போற ரோட்டுல இந்த வயசுல எதுக்குப் போனாங்களோ" என்றான்.

பக்கத்தில் நின்ற எலியாஸ்தான் பதில் சொன்னார். "பட்டன் நல்ல குதிரைதான் தம்பி. ஆனா நீ பூட்டின கேட்டுக்கு மேல பறக்க அதுக்கு ரெக்கை இல்ல பாரு."

கால்டர் நகர்ந்துபோய்ச் சாண்ட்விச் மேசையருகே நின்றுகொண்டான். விளம்பரத்தை எடுக்கச் சொல்லி இரண்டு தரம் எழுதினேன். பதிலில்லை. நேற்றும் அந்தப் படம் இருந்தது. ஜூலை முழுக்க இடமில்லை என்று காட்டியது.

டார்லீன் போக மீதி இருபத்தொன்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறோம். பாதைக்கு இத்தனை வருடப் பழக்கம் உண்டு என்று நாங்கள் சாட்சி சொல்லலாமாம், ஆகஸ்ட் கடைசியில் விசாரணை. டார்லீன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், அவளுக்குத் தேதியெல்லாம் மனப்பாடம். எனக்குத் தேதி நிற்பதில்லை.

மே மாதத்தில் அவள் இன்னொரு வேலையும் எடுத்திருந்தாள். எங்களுக்கெல்லாம் முழங்கால் போய்விட்டதால், சேணத்தில் உட்கார்ந்தபடியே திறக்கிற மாதிரி உயரமான நீளப்பிடித் தாழ்ப்பாள்களை ஒவ்வொரு கேட்டுக்கும் தானே மாட்டினாள். பெட்டியில் முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். ஏன் முப்பத்தொன்று என்று நான் கேட்டதற்கு, "எண்ணத் தெரியாதா எனக்கு?" என்றாள்.

என் கேட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை சாயங்காலம் வந்து தொடங்கினாள். வெயில் தாங்கவில்லை, ஸ்க்ரூடிரைவர் கையில் சுட்டது. மீதியை நாளை பார்க்கலாம் என்று விட்டுவிட்டுப் போனாள்.

முப்பத்தொன்றாவது தாழ்ப்பாள் அவள் வண்டியின் முன்சீட்டில், பிரிக்காத உறையில் இருக்கிறது. என் கேட்டில் இருப்பதற்கு நான்கு ஸ்க்ரூ வேண்டும். மேலே இரண்டுதான் ஏறியிருக்கின்றன.