அங்கிட்டு ஒரு சன்னது, இங்கிட்டு ஒரு சன்னது

கோர்ட்டு வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற டவாலி வேலைக்குப் படிப்பு வேண்டாம், தொண்டையும் காதும் இருந்தால் போதும். தொண்டை சர்க்காருக்கு, காது நமக்கு.

புதுக்கோட்டையில் மகாராஜா ஆட்சி நடந்த காலத்தில் பெரிய கோர்ட்டில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். கோர்ட்டுப் படி மிதித்தவர்கள் யாராக இருந்தாலும் எனக்குப் பங்காளிதான். பேரை எப்போது கூப்பிடுவானோ என்று ஒண்ணுக்குக்கூடப் போகாமல் காத்துக் கிடந்து, சாயங்காலம் 'வாய்தா' என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லப் போகிறேன்? நீங்கள் உட்கார்ந்து கஷ்டப்பட்டீர்கள், நான் நின்றுகொண்டு கஷ்டப்பட்டேன்.

அப்போது புதுக்கோட்டை தனி ராஜ்யம். பஸ் ஏறித் திருச்சிப் பக்கம் போனால் வெள்ளைக்காரன் எல்லை. கவுன் மாட்டிக்கொண்டு கோர்ட்டில் பேச சர்க்கார் கொடுக்கிற அனுமதிக்குச் சன்னது என்று பேர். இங்கே ஒரு சன்னது, அங்கே ஒரு சன்னது. சில வக்கீல்கள் இரண்டையும் வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மாசிலாமணி ஐயா. கோபமே வராது. என்னை ஒருநாளும் 'டேய்' என்றதில்லை. அவரால் நான் பட்டதும் கேட்டதும்தான் இது.

ஐயா எங்கே?

இரண்டு சன்னது இருந்தால் ஒரு சௌகரியம். இங்கே வழக்கு வந்தால், "ஐயா திருச்சிக் கோர்ட்டுல இருக்காரு" என்று குமாஸ்தா வாய்தா கேட்பார். அங்கே வழக்கு வந்தால், "ஐயா புதுக்கோட்டையில இருக்காரு." ஒருநாள் பொன்னமராவதிப் பக்கத்து விவசாயி கருப்பையாவின் வழக்கு. அப்பன் விட்டுப்போன நிலத்துக்காகத் தம்பியோடு சண்டை. வழக்கம்போலக் குமாஸ்தா திருச்சியைச் சொல்லி வாய்தா வாங்கினார். அதே நேரம் திருச்சி பஸ்ஸில் வந்து இறங்கிய இன்னொரு குமாஸ்தா, "அங்கிட்டு இன்னிக்கு ஐயாவக் காணோமே, புதுக்கோட்டைன்னுல்ல சொன்னாங்க" என்று எல்லார் காதிலும் விழப் போட்டு உடைத்துவிட்டார்.

கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரனா இருந்தாலும் ராவுக்கு ஏதாச்சும் ஒரு வீட்டுலதானப்பா இருப்பான்? எங்க ஐயா எங்கிட்டுத்தான் இருக்காரு?"

கூண்டில் ஒரு சந்தோஷம்

கருப்பையாவின் அப்பன் நிலம் எல்லைமேல் கிடந்தது. பாதி நம்ம ராஜ்யம், பாதி திருச்சி ஜில்லா. அதனால் வழக்கும் இரண்டு. இங்கே உள்ள பாதிக்கு இங்கே, அங்கே உள்ள பாதிக்கு அங்கே. தம்பி வெள்ளைச்சாமி, பெண்டாட்டி ஊரான திருச்சிப் பக்கமே குடியிருந்தான். அண்ணன் தம்பி முகத்தில் முழிப்பதில்லை. அங்கே நடக்கிற வழக்கை ஒரு திருச்சி வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு, கருப்பையா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை, தம்பியும் இந்தப் பக்கம் வந்ததில்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதுதான் முதல் தடவையாகப் போனார்.

கூண்டில் ஏறி நின்று பயந்து நடுங்கினாராம். எதிரே பார்த்தால் கவுனோடு எழுந்திருக்கிறார் மாசிலாமணி ஐயா. போன உயிர் திரும்பி வந்ததாம். "வாங்கய்யா, இங்கிட்டும் நமக்காக வந்துட்டீகளா!" என்று கும்பிட்டிருக்கிறார். ஐயா வந்தது தம்பிக்காக! இங்கே அண்ணனுக்கு வக்கீல், அங்கே தம்பிக்கு வக்கீல். அன்றைக்குத் தன் ஜூனியரை அனுப்பிவிட்டுத் தான் தலைகாட்டாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். ஜூனியருக்கு அம்மை போட்டுவிட்டது. மேசையைப் பார்த்தபடி ஐயா ஆரம்பித்தாராம்: "நெலத்துல இருக்கிற கிணத்தை நீதான் வெட்டினேன்னு சொல்றது பொய்." அதற்குக் கருப்பையா கோர்ட்டே கேட்கச் சொன்ன பதில்:

"போன மாசம் நீங்கதானேய்யா அப்புடிச் சொல்லச் சொன்னீக?"

ஒரே சீட்டு

இதைக் கருப்பையாவே கோர்ட்டு வேப்பமரத்தடியில் எனக்குச் சொன்னார். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு ஆச்சரியம். விசாரித்தால், சாட்சி சொன்ன அன்றைக்குத் திருச்சியிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். அண்ணன் முன்னால் உட்கார்ந்து வக்கீலை வைதார், தம்பி பின்னால் உட்கார்ந்து வைதான். நார்த்தாமலை வருவதற்குள் தம்பி அண்ணன் சீட்டுக்கே வந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பும் கொடுத்துவிட்டான். பிறகு ஊர்க்காரர்களை வைத்து நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு வழக்கும் ராஜி.

அந்த பஸ் கண்டக்டர் எனக்குப் பழக்கம். அவர் சொன்னார்: "வையிறதுக்குப் பொதுவா ஒரு ஆளு கெடச்சுட்டா, பங்காளிக ஒண்ணாயிருவாங்க போல!"

சத்தமாகக் கூப்பிடு

திருச்சிக் கோர்ட்டில் நடந்தது மேலே போய், மெட்ராஸ் ஹைகோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது. அந்தப் பக்கத்துக் கோர்ட்டுகளில் மாசிலாமணி ஐயா ஒரு வருஷம் கவுன் போடக் கூடாது. ஐயா அசரவில்லை. மறுநாளே இங்கே கவுனோடு வந்துவிட்டார். "அது வேற ராஜ்யம், அங்கிட்டு நிறுத்தினது அங்கிட்டோட" என்றார். ஆனால் நம்ம நீதிபதிகள் காதுக்கும் சேதி போய், உம்முடைய சன்னதை ஏன் நிறுத்தக் கூடாது என்று நோட்டீஸ் விட்டார்கள். நிலபுலம் இல்லாத மனிதர், வீடு நிறையப் பிள்ளைகள். இங்கேயும் போனால் அடுப்பு எரியாது.

எனக்கு வேறொரு சங்கடம். கட்சிக்காரர்களை மொட்டைப் பேராகத்தான் கூப்பிடுவோம், வக்கீல்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. இப்போது வக்கீலே கட்சிக்காரர். கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாரிடம் கேட்டேன். "எல்லாரையும் போலத்தான்" என்றுவிட்டார். வாசலுக்கு வந்தால், கைக்கெட்டுகிற தூரத்தில் கவுன் இல்லாமல் நிற்கிறார் ஐயா. "மாசிலாமணி" என்றேன், எனக்கே கேட்கவில்லை. அவர் என் தோளைத் தொட்டார்.

"சத்தமாக் கூப்பிடப்பா ராமையா. ஆளு வரலைன்னு எழுதிட்டாங்கன்னா அதுக்கு வேற தண்டனை."

கருப்பையாவின் நல்ல வார்த்தை

ஐயா எடுத்த எடுப்பில் சொன்னது, மகாராஜா கோர்ட்டு வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டதில்லை என்பது. மூத்த நீதிபதி இங்கிலீஷில் ஏதோ கேட்க, ஐயா தலை குனிந்தது. பிறகு சிரஸ்தார் எனக்குத் தமிழில் சொன்னார்: "எல்லைக்கல்லு நெலத்துக்கு நட்டது, உம்ம நாக்குக்கு நட்டதான்னு கேட்டாரு."

மிச்சமிருந்த நம்பிக்கை கருப்பையாதான். தனக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்று அவர் சொன்னால் கண்டிப்போடு விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. கருப்பையாவும் கோபமெல்லாம் ஆறி, ஐயாவைக் காப்பாற்றுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார். கூண்டில் ஏறியதும் நீதிபதி கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். "ஐயாவால எனக்கு ஒரு நட்டமும் இல்லீங்க சாமி. நானும் தம்பியும் பேசாம இருந்த காலத்துல, நான் சொல்றது அவனுக்கும் அவன் சொல்றது எனக்கும் ஐயா மூலமாத்தான் தெரிஞ்சுச்சு. ஒளிக்காமச் சொல்லுவாருங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். திருச்சியில் எப்போது சன்னது திரும்புகிறதோ அதுவரை இங்கேயும் கிடையாது என்று உத்தரவு. வெளியே வந்த கருப்பையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"என்னப்பா இது, ஒளிவு மறைவில்லாதவருன்னு சொல்லியும் கவுனக் கழட்டிப்புட்டாக?"

பெண் பார்க்கிற மாதிரி

அந்த வருஷம் ஐயா கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. மச்சினர் வீட்டு நெல் வந்துதான் அடுப்பு எரிந்தது என்று குமாஸ்தா சொன்னார். கெடு முடிந்து அங்கே சன்னது திரும்பியது, இங்கேயும் திரும்பியது. முதல் நாள் கவுனோடு வந்தபோது ஆள் பாதியாக இருந்தார்.

நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வழக்கோடு வந்தாள். ஐயா வேப்பமரத்தடியில் அவளை நிறுத்தி, எதிரி யார், எதிரிக்கு எந்த ஊரில் சம்பந்தம், மாமன் மச்சான் யார் யார், எல்லைக்கு அந்தப் பக்கம் யாருக்காவது வழக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் பொறுக்கவில்லை.

"என்னய்யா, எங்க வீட்டுல பொண்ணா எடுக்கப் போறீக? வழக்குக்குத்தானே வந்திருக்கேன்!"

இப்படி எங்கள் ஐயா இரண்டு ராஜ்யத்துக்கும் பொதுவாக நடக்கக் கற்றுக்கொண்ட கொஞ்ச காலத்தில் சமஸ்தானமே திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துபோய், ஒரே இடத்தில் யோக்கியமாக இருந்தால் போதும் என்கிற சௌகரியம் எங்கள் ஊர் வக்கீல்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது.