எம் என்றால் எவ்வளவு நேரம்?

சாஜித் ஒரு லைப்ரரி வைத்திருக்கிறான் என்று கல்முனை முழுக்கச் சொன்னவர் அவனுடைய மாமி முனவ்வறாதான். அதை நம்பி யாரோ பழைய பாடப்புத்தகங்களை மூட்டையாகக் கட்டி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

"இது புத்தக லைப்ரரி இல்ல மாமி. கம்ப்யூட்டருக்கு எழுதுற. மத்த ஆக்கள் அவங்கட புரோகிராமுக்குள்ள எடுத்துப் போட்டுக்குவாங்க," என்றான் சாஜித்.

"அப்ப அதுக்குள்ள என்ன மகன் இருக்கு?"

"நேரம் இருக்கு."

மாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாறன் என்றால் பொழுதுபட்டு மஃரிபுக்கு வந்து நிற்கும் மருமகனிடம் நேரம் இருக்கிறதாம்.

உண்மையாகவே இருந்தது. ஒன்றரை மணித்தியாலம், இரண்டு நாளும் பத்து நிமிடமும் என்றெல்லாம் மனிதர்கள் எழுதுவதைக் கணினிக்குப் புரியவைத்துக் கூட்டிக் கழித்துக் கொடுக்கும் நிரல் அது. வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்த சாஜித், ஓய்வில் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தான். முகம் தெரியாத பலர் அதைப் பயன்படுத்தினார்கள். யாராவது பாராட்டிவிட்டால் அன்று முழுக்க அவன் கால் தரையில் நிற்காது.

மனைவி பரீனா வீட்டில் கேக் அடித்து விற்பவள். அவளுடைய போனுக்கு அந்த லைப்ரரியை வைத்தே ஓர் அலாரம் செய்து கொடுத்திருந்தான். நாற்பத்தைந்து என்று தட்டிப் பக்கத்தில் எம் என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் நாற்பத்தைந்து நிமிடத்தில் அடிக்கும்.

அந்த எம்தான் வினையாயிற்று. எம் என்றால் நிமிடமா மாதமா என்று லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்குள் இணையத்தில் வாக்குவாதம். மாதம்தான் என்று ஜேர்மனிக்காரர் ஒருவர் விடாப்பிடியாக நின்றார். நடுவில் சாஜித்தை மேதை என்றும் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அவனால் மறுக்க முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை எம்மை மாதமாக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டு, கையோடு பரீனாவின் போனிலும் ஏற்றினான். அவளிடம் சொல்லத்தான் நினைத்தான். யாராவது பாராட்டியிருக்கிறார்களா என்று பார்க்கப் போனதில் மறந்துபோனான்.

பின்னேரம், பக்கத்து ஊரான சாய்ந்தமருது மைமூனாவின் மகள் கல்யாணத்துக்கான கேக் ஓவனுக்குள் போனது. பரீனா அலாரத்தை வைத்துவிட்டு ஐஸிங் பூச் செய்ய உட்கார்ந்தாள். அலாரம் அடிக்கவில்லை. கரிந்த வாடைதான் வந்தது.

"இஞ்ச ஓடி வாங்க!"

சாஜித் வந்தபோது மேசையில் கேக் கரிக்கட்டியாக இருந்தது. பரீனா போனை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். இன்னும் மூன்று வருடமும் எட்டு மாதமும் சொச்சமும் இருக்கிறது என்றது அது.

"அதுக்குள்ள மாப்புளையும் பொண்ணும் புள்ள பெத்து நர்சரிக்கும் விட்டிருவாங்க!"

"எம் எண்டா இப்ப மாசம்," என்றான் சாஜித் மெதுவாக.

"ஆரு சொன்ன?"

"ஜேர்மனில ஒராள்."

"அவரு கேக் அடிப்பாரா?"

சாஜித் யோசித்தான். அதை அவரிடம் கேட்டதில்லை.

கல்யாணம் மறுநாள் என்பதால் மானம் தப்பியது. சாஜித்தே கடைக்குப் போய் முட்டை வாங்கி, அவனே அடித்தும் கொடுத்தான். கை நோகுது என்றபோது பரீனா இன்னும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். அலாரம் வேண்டாம் என்று ஓவனுக்கு முன்னால் கதிரை போட்டு அவனையே உட்கார வைத்தாள். அங்கிருந்தபடியே மடிக்கணினியில் எம்மை மறுபடி நிமிடமாக்கினான். மாதத்தை இனி முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்று விதியும் வைத்தான். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் நெடுநேரம் யோசித்து, "ஒரு கேக் கருகிவிட்டது" என்று மட்டும் போட்டான்.

ஜேர்மனிக்காரர் சண்டைக்கு வருவார் என்று பயந்தான். என்ன கேக் என்று கேட்டுத்தான் எழுதினார். அதை வாசித்துக் காட்டியதும் பரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பட்டர் கேக் எண்டு எழுதுங்க. எழுதிட்டு ஓவனப் பாருங்க."

மறுநாள் மைமூனா கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எவ்வளவு பதமா வெந்திரிக்கி புள்ள!"

"ஓம் ராத்தா. இவருதான் பக்கத்துலயே இருந்து பார்த்த," என்றாள் பரீனா.

சாஜித் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.