ஒளித்திருக்கும் கிருமியும் இறங்குதுறைச் சோதனையும்

மருந்து கொடுக்கும் வேலையில், "இனி நீங்கள் வரத் தேவையில்லை" என்று ஆளை அனுப்புவதுதான் இன்பம். திருகோணமலையில் எயிட்ஸ் கிளினிக் மேசையில் நின்ற எனக்கு அது ஒரு நாளும் வாய்க்கவில்லை. யுத்த காலத்தில் இப்படியான மேசைகளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காணாமற்போன கிருமி

யோகராசா அண்ணை வெருகல் பக்கத்து மீனவர். அவரது இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி தென்படவில்லை என்று கொழும்பிலிருந்து அறிக்கை வந்தது. "அப்ப குளிசையை விடலாம்தானே தம்பி?" என்றார். ஏலாது என்றேன். கிருமி சாகவில்லை, உடம்புக்குள் எங்கோ ஒளித்துக் கிடக்கிறது, குளிசையை விட்டால் திரும்பப் பெருகும் என்றேன். சிரித்தார்.

"எங்கட ஊரைப் பற்றி ஆமிக்காரனும் இதைத்தான் சொல்லுறான். ஒருத்தரையும் காணேல்லயாம், ஆனா ஒளிச்சிருக்கினமாம்."

பெயரில்லாத போத்தல்

போத்தலில் ஒட்டிய துண்டில் எங்கள் கிளினிக்கின் பெயர் இருக்கும். ஒரு குடும்பத்தைக் கிணற்றடியிலிருந்து விரட்ட ஊருக்கு அது போதும். ஆகவே எல்லாரும் என் மேசையிலேயே அதை உரித்தெறிந்துவிட்டுப் போவார்கள். தடுத்திருக்க வேண்டுமா? இன்னும் தெரியவில்லை.

ஏனென்றால் மூதூர் படகுக்கான இறங்குதுறைச் சோதனையில், பெயரில்லாத குளிசை என்றால் காட்டிலிருக்கும் போராளி இயக்கத்துக்குப் போகும் குளிசை. அண்ணையின் போத்தலைச் சிப்பாய் கடலில் கொட்டினான். வயிற்று நோவுக்கு என்று இவர் சொன்ன பொய்க்கு அவன் தந்த பதில்:

"ஒரு வயித்துக்கு இவ்வளவா? காட்டில எத்தின வயிறு இருக்கு?"

மேலிடத்து அக்கறை

பிறகு சண்டை மூண்டது, பாதை பூட்டு. மாதக்கணக்கில் அண்ணை வரவில்லை. வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ஒளித்திருந்த கிருமி இரத்தம் முழுக்க. கொழும்பிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய சுகாதார அதிகாரி ஒருவர் அவரிடம் கேட்டார்:

"ஒரு குளிசையை நேரத்துக்குக் குடிக்கிறதில உங்களுக்கு என்ன கஷ்டம்?"

உரிக்காத துண்டு

புதுப் போத்தலை எடுத்து, பழக்கத்தில் துண்டின் ஓரத்தைக் கிளப்பினேன். அண்ணை என் கையைப் பிடித்தார். "விடுங்கோ தம்பி. ஊர் அறிஞ்சா அறியட்டும். இதையும் கொட்டினா நான் இல்லை."

அடுத்தமுறை சற்று உடம்பு பிடித்து வந்தார். மனைவி தண்ணீருக்கு இப்போது தூரத்துக் கிணற்றுக்குப் போகிறாவாம். சோதனை எப்படி என்று கேட்டேன்.

"துண்டை வாசிச்சவன் போத்தலைத் திருப்பித் தந்திட்டுக் கையைக் காற்சட்டையில துடைச்சான். இப்ப என்னைத் தொட்டுச் செக் பண்ணுறேல்ல. துவக்கு வச்சிருக்கிறவனுக்கும் என்னில பயம் தம்பி."

ஒளித்திருந்த கிருமியை அடக்க எங்களிடம் குளிசை இருந்தது. வெளிச்சத்தில் நின்று வழிமறித்தவர்களுக்குத்தான் ஒரு மருந்தும் இருக்கவில்லை.