மேசைமேல் இருந்த கண்ணாடிப் புறா

அரச நிர்வாக சேவையில் பத்தொன்பது வருடம் உழைத்து நான் சம்பாதித்ததில் கையில் தூக்கிக் காட்டக்கூடியது ஒரு கண்ணாடிப் புறா மட்டும்தான். பிணக்குகளைச் சுமுகமாகத் தீர்ப்பது பற்றிய ஐந்து நாள் பயிற்சியின் முடிவில் தந்தார்கள். உருண்டைக் கண்ணாடிக்குள் சிறகு விரித்த வெள்ளைப் புறா. முக்கால் கிலோ தேறும். கொட்டாஞ்சேனைப் பக்கம் மாற்றலாகி வந்த முதல் நாளே அதை மேசையில் வைத்தேன். கடதாசி பறக்காமல் இருக்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்பதுதான் உண்மை.

அலுவலக உதவியாளருக்கு என் வயதுதான் இருக்கும். மாளிகாவத்தைக்காரர். வீட்டுப் பிணக்கு விசாரணை நாட்களில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்து ஸ்டேப்ளர், பஞ்ச், தண்ணீர்க் கிளாஸ் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் பூட்டுவார். பிறகு கதிரைகளின் கால்களை ஒன்றோடொன்று நைலோன் கயிற்றால் கட்டுவார்.

"இது என்ன, ஆட்டுப்பட்டியா?" என்றேன்.

"சேர், இங்க வாறவங்க வீட்டுக்காக வாறாங்க. மேசேல கடதாசி மட்டும்தான் இரிக்கணும். அந்தப் புறாக் கல்லயும் தாங்க, உள்ள வெக்கிறன்."

மக்களை மனிதராக நடத்த வேண்டும் என்று அவருக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று வந்தவர்கள் அண்ணனும் தம்பியும். இருவரும் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள். அவர்கள் இருந்த தோட்டத்தை இடிக்கப்போகிறார்கள். தோட்டம் என்றால் மரம் செடி அல்ல. முதுகோடு முதுகு ஒட்டிய அறைவரிசை, பொதுக் கக்கூஸ், பொதுக் குழாய். ஒரு கதவிலக்கத்துக்கு அரசாங்கம் தொடர்மாடியில் ஒரு வீடு தரும். இவர்களிடம் இருந்தது ஒரு கதவிலக்கம், இரண்டு குடும்பம். யாருடைய பெயர் என்று நான் எழுதவேண்டும். பெயர் வராதவன் பிள்ளைகளோடு றோட்டில்.

"கரண்ட் பில் என்ட பேர்ல," என்றான் அண்ணன்.

"பில் உன்ட பேர்ல. கட்டினது ஆர்? அம்மா கிடையில கிடக்கேக்க பீ அள்ளினது ஆர்? உன்ட பெஞ்சாதி மூக்கப் பொத்திக்கொண்டு நிண்டவள்."

"பெஞ்சாதியப் பத்திக் கதைக்காத, நாயே."

பயிற்சியில் சொல்லித்தந்தபடி நான் குரலைத் தாழ்த்தி, "இருவரும் ஒரு நிமிடம் மூச்சை ஆழமாக இழுங்கள்," என்றேன்.

அண்ணன் இழுத்தான். அதே மூச்சில் புறாவைத் தூக்கித் தம்பியின் முகத்தில் எறிந்தான். நனைந்த மண்ணில் கல் விழுவது போல ஒரு சத்தம். இடது கண் இருந்த இடத்தில் ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை; பிறகு எல்லாம் சிவப்பு. தம்பி விழவில்லை. கட்டப்படாத கதிரையைத் தூக்கி அண்ணனின் வாயில் அடித்தான். இரண்டாவது அடியில் ஒரு பல் என் கோப்பின் மேல் வந்து விழுந்தது. மூன்றாவது அடியை நான் பார்க்கவில்லை. அப்போது மேசைக்கடியில் இருந்தேன். அங்கிருந்தும் "அமைதி, அமைதி" என்று சொன்னதாக ஞாபகம்.

உதவியாளர்தான் இருவரையும் பிரித்தார், அந்த நைலோன் கயிற்றால்.

தம்பியின் கண் போய்விட்டது. பொலிஸ் சார்ஜன்ட் புறாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். "அண்ணன்காரன் இதைப் பையில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறான், இல்லையா சேர்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆயுதத்தோடு வந்தவன் என்றால் கொலை முயற்சி. அவன் உள்ளே போவான், வீடு தம்பிக்கு, என் கோப்பும் மூடப்படும். அடுத்த மாதம் முதலாம் தரத்துக்கான பதவி உயர்வு நேர்முகம். கல் என்னுடையது என்றால் அதை ஏன் மேசையில் விட்டேன் என்று கேட்பார்கள்.

உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். முதலில் ஒரு பிளேன்டீ முழுவதையும் குடித்து முடித்தேன். உதவியாளர் கோப்பையை எடுக்க வந்தார். புறா வந்த வெல்வெட் பெட்டியை அந்த இடத்தில் வைத்தார். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம்.

"சேர்ட பெட்டி," என்றார். "கீழ கிடந்திச்சி."

"கல் என்னுடையது," என்றேன் சார்ஜன்டிடம்.

அண்ணனுக்குப் பிணை கிடைத்தது. எனக்கு முதலாம் தரம் கிடைக்கவில்லை. விசாரணையை மறுபடி வைத்தேன். இம்முறை கதிரைகளைக் கட்ட நானும் உதவினேன். பல்லில்லாத ஒருவன், கண்ணில்லாத ஒருவன். இருவர் பெயரிலும் ஒரே வீட்டை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"ஒரு வீட்டுக்க போட்டா கொலதான் விழும், சேர்," என்றான் தம்பி.

"ஓம் சேர், விழும்," என்றான் அண்ணன்.

அவர்கள் ஒத்துப்போன ஒரே விடயம் அது. அதை அப்படியே எழுதி, வைத்திய அறிக்கையை இணைத்து, இரண்டாவது வீடு கேட்டு மேலே அனுப்பினேன். விசேட காரணத்தின் பேரில் அனுமதி வந்தது. வாழ்க்கையில் ஒருமுறை நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே சிரித்துக்கொண்டு போனேன்.

இரண்டு கிழமை கழித்து, இரண்டு வீடு கிடைத்த கதை பரவியிருந்த அதே தோட்டத்தில் இருந்து இன்னொரு சோடி வந்தது: ஒரே கதவிலக்கத்து மாமனும் மருமகனும். உள்ளே வந்து வணக்கம் சொல்லவில்லை, கோப்பைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் முதலில் என் மேசையைத்தான் பார்த்தார்கள், எறிய என்ன இருக்கிறது என்று.