பின்னறைக்குப் போன இசக்கிசெல்வி

பழவங்காடிச் சந்துக்குள் பள்ளிச் சீருடை தைக்கும் அந்தச் சின்ன கம்பெனியில் காலர் வைக்க இசக்கிசெல்வியை விட்டால் ஆள் கிடையாது. வள்ளியூரிலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் செல்வமணிக்கு விழிஞ்ஞத்தில் தங்கிக் கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மகள் ஆர்ஷா பிறந்ததும் வேலையை விட்டுவிட நினைத்தாள்.

மலையாளக்கார முதலாளி அஸ்வதி விடவில்லை. கைக்குழந்தையால் ஆபீஸ் வேலையை இழந்தவள் அவள். "என் இடத்துல ஒருத்தியும் பிள்ளைக்காக வேலையை விடக்கூடாது" என்று, துணிக்கட்டுகள் கிடந்த பின்னறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, தொட்டில் கட்டினாள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தார்கள்.

பார்த்துக்கொள்ள வந்த ஆயா ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள். அஸ்வதி செல்வியிடம் வந்தாள்.

"செல்வீ, வேற ஆள் கிட்டுற வரை நீ ஒண்ணு நோக்கிக்கோ. உன்கிட்டதான் பிள்ளைங்க அழாம இருக்கு."

"என் மெஷின், சேச்சி?"

"அது எங்க போகுது?"

மழைக்காலம் வந்து போனது. வேறு ஆள் வரவில்லை, தேடியதாகவும் தெரியவில்லை. செல்வியின் மெஷினில் புதுப்பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். காலர் வைத்த கை மூத்திரத் துணி அலசியது. பாறசாலையிலிருந்து வரும் ராகேல் அவளுக்கு நல்ல சிநேகிதி. "எம்பிள்ள ஒங்கிட்ட கெடக்கதுனாலதான் நான் நிம்மதியா தைக்கேன்ட்டி" என்பாள். முதலில் செல்விக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் விடிந்ததும் ஆர்ஷாவுக்குக் காய்ச்சல். செல்வி அஸ்வதியிடம் போனில் லீவு கேட்டாள்.

"நீ வராட்டி எல்லாரும் பிள்ளையோட திரும்பிப் போகணும், செல்வீ. ஸ்கூல் திறக்கப் போகுது."

"இவளையும் கொண்டு வரட்டா?"

"வேண்டாம். மத்ததுங்களுக்கும் ஒட்டிக்கும்."

மகளை அடுத்த வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் ராகேலின் மகனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆர்ஷாவுக்கு வலிப்பு. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தபோது குழந்தை கண் விழித்திருந்தது. தாயைப் பார்த்தும் கை நீட்டவில்லை. அடுத்த வீட்டுக்காரியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அஸ்வதி வார்டுக்கு வந்து உண்மையாகவே அழுதாள். மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு செல்வி கம்பெனிக்குப் போனாள்.

"எனக்கு என் மெஷின் வேணும், சேச்சி."

"அதுல ஆள் இருக்கே. உங்களுக்காக நான் இவ்வளவு செஞ்சும்..."

"எல்லாருக்கும் செஞ்சீங்க. காய்ச்சல் வந்தா நான் எம்பிள்ளைய எங்க கொண்டு விட?"

செல்வி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்புக்கு வேறு யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லை. சில நாளிலேயே பின்னறையில் மறுபடி துணிக்கட்டுகள் ஏறின. ராகேலும் இன்னும் சிலரும் வேலையை விட்டார்கள்.

செல்வி இப்போது வீட்டிலிருந்து ஜாக்கெட் தைக்கிறாள். கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் ராகேலைப் பார்த்து, ஆசையாகப் பையனைத் தூக்கக் கை நீட்டினாள். ராகேல் அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ கொஞ்சம் பொறுத்திருந்தா எங்க பொழப்பு போயிருக்காது."

"எம்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு, ‘இன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன், நீ வீட்டுல இரு’ன்னு ஒருத்தியாவது சொன்னீங்களா?"

"நீ கேக்கவே இல்லியே."

கேட்கவில்லைதான். கேட்டிருந்தாலும் ஒருத்தியும் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். பாறசாலை பஸ் வந்தது. ராகேல் பையனோடு ஏறிப் போனாள்.